தோணி கட்டும் தறியில் ஒரு குடித்தனம்

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எலிபெண்டா தீவைக் காணாத குடும்பம் அரிது. ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தாலும், அண்ணன் மக்கள் கோடை விடுமுறைக்கு வந்தாலும், இந்தியா வாயிலின் முன் ஒரு புகைப்படம், பிறகு விசைப்படகில் ஒரு மணி நேரப் பிரயாணம், குகையில் மும்முக ஈசன் தரிசனம், திரும்பி வந்ததும் சுட்ட மக்காச்சோளம் என்பது நம்மவர்க்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஆகவே அக்குகைகளைப் பற்றி மீண்டும் ஒரு கட்டுரை எழுதி அன்பர்களின் பொறுமையைச் சோதிக்க நாங்கள் விரும்பவில்லை. அத்தீவில் இறங்கும் இடத்தில், நம் காலடியிலேயே இருந்தும் நாம் இதுகாறும் குனிந்து பாராத ஒன்றைப் பற்றியே இங்குக் கூற எண்ணுகிறோம். அது தோணி கட்டும் தறி.

சென்ற மார்கழியில் நம் சங்கத்து அன்பர்கள் குடும்பத்துடன் சுமார் 40 பேர் எலிபெண்டா சென்று வந்தோம். அமாவாசைக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை அது. 1924-இல் கட்டி முடிக்கப்பெற்ற இந்தியா வாயிலின் படிகளில் வரிசையாக நின்று படகேறினோம். கடற்பறவைகள் பின்தொடர, கடற்படைக் கப்பல்களையும், எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் ஜவஹர் தீவையும் கடந்து சுமார் 10 கிலோமீட்டர் சென்றதும் எலிபெண்டாவின் பசுங்குன்றுகள் தோன்றின. இத்தீவை மராத்தியர் காராபுரி என வழங்குவர்.

நாங்கள் சென்று சேர்ந்தபோது ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. படகுத்துறையின் தளத்துக்கும் நீருக்கும் இடையே நாலைந்து படிகளே எஞ்சியிருந்தன. தளத்தின் மேல் ஓடும் சிறு ரயிலைக் கண்டதும் குழந்தைகள் ஆரவாரம் செய்தார்கள். ரயில்வேயில் பணியாற்றும் எங்களில் சிலர், வாரம் முழுவதும் ரயிலைப் பார்த்தது போதாதென்று அதிலும் முண்டியடித்து ஏறியது கண்டு வீட்டார் நகைத்தனர். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அறிஞர் கருதுவனவும், 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றனவுமாகிய குகைகளைக் கண்டு வணங்கினோம். குரங்குகளுக்கு அஞ்சியபடியே புளியோதரையும் தயிர்ச்சாதமும் உண்டோம். மாலை 5 மணிக்குத் துறைமுனைக்குத் திரும்பினோம்.

அங்கே எங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. காலையில் தளத்தை எட்டிப் பிடிக்க முயன்ற கடல், இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே இறங்கிப் போயிருந்தது. மும்பைத் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேலாக ஏறி இறங்குவது உண்டு. காலையில் அலை புரண்ட இடத்தில் இப்போது பளபளக்கும் சேறு. அதில் சிறு நண்டுகள் ஊர்ந்தன. சேற்றில் துள்ளும் சிறு மீன்கள் தாவித் தாவிச் சென்றன. நீர் குறைந்தமையால் படகுகள் துறையின் கடைமுனையில் மட்டுமே அணைய முடிந்தது. எங்கள் முறை வரச் சுமார் முக்கால் மணி ஆகும் என்றார்கள்.

எங்களுடன் வந்த ஒரு சிறுமி படியோரம் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, இந்தத் தூணுக்கு ஏன் அம்மை போட்டிருக்கிறது?" என்று கேட்டாள். அனைவரும் சிரித்தோம். ஆனால் குனிந்து பார்த்தபோது குழந்தை சொன்னது பொய்யில்லை என்று கண்டோம். காலையில் நீருக்குள் மறைந்திருந்த தூண்களிலும், படகு கட்டுவதற்கென்று நட்டிருந்த தறிகளிலும் விரற்கடை அளவு இடம்கூட வெறுமையாக இல்லை. சாம்பல் நிறக் கொப்புளங்களைப்போல் ஆயிரமாயிரம் கூடுகள். அவற்றின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சிப்பிகள். அதற்கும் கீழே ஈரம் சொட்டும் பாசியும், பழுப்பும் மஞ்சளுமாகப் பெயர் தெரியாத பலவும்.

எங்கள் படகின் தண்டல், அறுபதைக் கடந்த கோளி மீனவர். படகுத் தலைவனை இக்கரையிலும் 'தாண்டேல்' என்றே அழைக்கிறார்கள். தூத்துக்குடித் தோணிகளின் 'தண்டல்' என்ற சொல்லை இத்தனை தொலைவில் கேட்டபோது எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டாற்போல் இருந்தது. எங்கள் ஆவலைக் கண்ட அவர் அருகே வந்தார். "காகா, இவற்றைச் சுரண்டி எடுத்துவிட மாட்டீர்களா?" என்று கேட்டோம்.

"படகின் அடியில் ஒட்டினால் சுரண்டுவேன், இல்லாவிட்டால் எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். தறியில் ஒட்டினால் நான் ஏன் தொடவேண்டும்? அது அவற்றின் வீடு. ஓதம் ஏறும்போது மீன்குஞ்சுகள் அங்கேதான் வந்து ஒதுங்கும். என் தகப்பனார் தூண்டில் போட்டதும் தறியோரத்தில்தான்" என்றார் அவர்.

ஒரே பிராணி, படகில் இருந்தால் திருடன், தறியில் இருந்தால் குடியானவன்! இச்சொல் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. வீடு திரும்பிய பின் இதைப்பற்றிச் சில நூல்களைப் புரட்டினோம். அறிந்தவற்றை அன்பர்களுக்கும் கூறுகிறோம்.

தறியில் குடியிருப்போர் கண்டபடி குடியிருப்பதில்லை. நம் ரயில் பெட்டியில் மேல் படுக்கை, நடுப் படுக்கை, கீழ்ப் படுக்கை என்று இருப்பதுபோல் அங்கும் ஒழுங்கு உண்டு. மேல் படுக்கையில் இருப்பவை வெயிலையும் காற்றையும் பல மணி நேரம் தாங்கவல்லவை. சிறு நத்தைகளும், நாம் கொப்புளமெனக் கண்ட கொட்டலசு என்னும் பிராணியும் அங்கு வாழும். நடுவில் பாறைச் சிப்பிகள். நீர் வற்றியதும் அவை வாயை இறுக மூடி உள்ளே ஈரத்தைக் காத்துக்கொண்டு அடுத்த ஓதம் வரை காத்திருக்கும். எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் கீழ்ப் படுக்கையில் கடற்பஞ்சுகளும், பட்டு நூல் போன்ற இழைகளால் தம்மைக் கட்டிக்கொள்ளும் பச்சைச் சிப்பிகளும், மென்மையான வேறு பல உயிர்களும் வாழும். மேலே போகமுடியாதபடி தடுப்பது வெயில். கீழே இறங்கமுடியாதபடி தடுப்பவை பெரும்பாலும் பகைவரும் இடநெருக்கடியும். ஆக, ஒரு தறியின் இரண்டு ஆள் உயரத்துக்குள் கடற்கரை முழுவதும் அடங்கிவிடுகிறது.

இவர்களுள் கொட்டலசின் வரலாறு மிகவும் விசித்திரமானது. கல்லைப்போன்ற ஓட்டினுள் இருப்பதால் இது சிப்பி, நத்தை இனத்தைச் சேர்ந்தது என்றே அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். வாகன் தாம்சன் என்பவர் இதன் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்து, இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு என்று 1830-இல் வெளியிட்டார். பரிணாமக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வின் இச்சிறு பிராணியைப் பற்றி மட்டும் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்து நூல்கள் எழுதினார்.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத சிறு உருவில் நீரோட்டத்தோடு அலையும். ஆறு முறை உருமாறியபின் கடைசியாக ஒரு பருவத்தை அடையும். அப்பருவத்தில் அது உணவே உண்பதில்லை. இருக்கும் கொழுப்பைச் செலவிட்டுக்கொண்டு, தங்க இடம் தேடுவது ஒன்றே அதன் வேலை. கிடைத்த பரப்பின்மீது தன் உணர்கொம்புகளால் நடந்து நடந்து ஆராயும். பொருந்தாவிட்டால் விட்டு நீங்கி வேறிடம் செல்லும். பொருந்தினால் ஒருவகைப் பசையைச் சுரந்து தலையை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் தலைகீழாக நின்று, இறகு போன்ற கால்களால் நீரைத் துழாவி உணவை வாரி உண்ணும். ஒரு முறை ஒட்டினால் பிறகு மாற்றல் உத்தரவு கிடையாது.

அது எவ்வாறு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது? பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முக்கியமானது, தன் இனத்தார் முன்பே அங்கே குடியேறியிருக்கிறார்களா என்பது. முன்னோர் விட்ட சுவட்டை அது தொட்டு உணர்கிறது. தன்னவர் வாழும் இடம் தனக்கும் வாழத்தக்க இடம் என்று தீர்மானிக்கிறது. இதைப் படித்தபோது எங்களுக்கு மாதுங்காவும் தாராவியும் நினைவுக்கு வந்தன. கையில் ஒரு தகரப் பெட்டியும் மடியில் ஒரு விலாசமுமாக வந்திறங்கிய நம் பெரியோர்கள், தமிழ்க் குரல் கேட்ட தெருவைத் தேடியல்லவா முதலில் சென்றார்கள்!

நிற்க. இத்தனை உயிர்களும் தறியை ஏன் நாடவேண்டும்? மும்பைத் துறைமுகத்தின் அடித்தளம் பெரும்பாலும் சேறு. ஒட்டி வாழும் உயிர்களுக்குச் சேற்றில் இடமில்லை. கடினமான பரப்பு வேண்டும். முற்காலத்தில் பாறைகளும், கரையோர அலையாத்தி மரங்களின் அடிகளும் வேர்களும் அவற்றுக்கு வீடாயின. எலிபெண்டாவின் கரையில் இன்றும் அம்மரங்களைக் காணலாம். ஆனால் ஏழு தீவுகளாயிருந்த மும்பை, கடலைத் தூர்த்து ஒரே நகராக்கப்பட்டது. பாறையும் மரமும் நிறைந்த கரைகள் பலவிடங்களில் மறைந்தன. அவ்விடங்களில் நாம் துறை கட்டினோம், தூண் நட்டோம், மிதவைக்குச் சங்கிலி பூட்டினோம். நம் தேவைக்காகச் செய்த அவற்றையே வீடிழந்தவை வீடாகக் கொண்டன.

அவை வெறுமனே வாடகையின்றி இருக்கவும் இல்லை. சிப்பி நாள்தோறும் நீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்பொருள்களை வடித்து உண்டு, தெளிந்த நீரை வெளிவிடுகிறது. சிப்பிகளின் இடுக்குகளில் நண்டும் இறாலும் ஒளிகின்றன. அவற்றைத் தேடி மீன் வருகிறது. மீனைத் தேடிக் கொக்கு வருகிறது. கொக்கு நிற்கும் இடம் பார்த்து மீனவர் வருகிறார். ஒரு தறியைச் சுற்றி ஒரு சந்தையே நடக்கிறது.

முற்காலத் தறிகள் மரத்தாலானவை. அவற்றைக் கப்பற்புழு என்னும் மற்றொரு பிராணி உள்ளுக்குள் குடைந்து அழித்துவிடும். பெயரளவில் புழுவே தவிர, உண்மையில் அதுவும் சிப்பி இனமே. மரத்தைத் துளைத்துக்கொண்டே, துளைத்த வழியின் சுவரில் சுண்ணப் பூச்சும் பூசிச் செல்லும் அதன் திறமையிலிருந்தே மார்க் புரூனல் என்ற பொறியாளர் சுரங்கம் அமைக்கும் கவசத்துக்கு யோசனை பெற்றார் என்பர். அக்கவசத்தைக் கொண்டு அவர் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் அடியில் 1825-இல் தொடங்கி 1843-இல் திறந்த சுரங்கத்தில் இன்றும் ரயில்கள் ஓடுகின்றன. மும்பையின் நிலத்தடி ரயிலில் செல்லும் அன்பர்கள், அவ்வித்தையின் ஆதி ஆசிரியர்களுள் ஒருவர் தறியைத் தின்ற ஒரு புழு என்பதை நினைத்துக்கொள்ளலாம். மரம் போய்க் கான்கிரீட்டும் இரும்பும் வந்தபின் அப்புழுவின் தொல்லை குறைந்தது. ஒட்டி வாழும் மற்றவர்க்கோ நிலைத்த வீடு கிடைத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. படகின் அடியில் ஒட்டும் உயிர்கள் படகோடு ஊர்விட்டு ஊர் செல்லும். அவற்றை ஒட்டாமல் தடுக்கக் கப்பல்களுக்குப் பூசிய ஒருவகை வெள்ளீயச் சாயம், பிரான்சு நாட்டின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடுகளையே கோணலாக்கி, சிப்பி வளர்ப்போரின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. அதனால் 2008 முதல் அச்சாயத்தை உலகநாடுகள் உடன்பாடு செய்து விலக்கின. மற்றொரு புறம், கரீபியன் கடலைச் சேர்ந்த ஒரு சிறு கருஞ்சிப்பி 1967-இல் விசாகப்பட்டினத்தில் காணப்பட்டது. பின்னர் மும்பைத் துறைமுகத்திலும் பெருகியது. சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பகுதியில் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி, ஆற்றின் அடியில் விரிப்பைப்போல் படர்ந்து, இறாலுக்கும் உள்ளூர் மட்டிகளுக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது என்று அவர்கள் முறையிட்டு வருகின்றனர். கப்பல்களின் வழியே அது வந்திருக்கவேண்டும் என்பது அறிஞர் கருத்து. வந்தேறியவை எல்லாம் கேடு செய்யும் என்பதில்லை. வந்த இடத்தில் பிறருக்கும் இடம் விட்டு வாழ்கின்றனவா என்பதே கேள்வி. இது சிப்பிகளுக்கு மட்டும் பொருந்தும் நீதியன்று.

தறியும் தீங்கு செய்வதுண்டு. திறந்த நீரில் படகு கட்டக் கடலடியில் பாரமான கட்டை இட்டு, சங்கிலியால் மிதவையோடு பிணைப்பார்கள். நீர் வற்றும்போது தளர்ந்த சங்கிலி, காற்றுக்கேற்ப வட்டமாகத் தரையைத் தேய்க்கும். கடற்புல் வளரும் இடமாயின், அங்கே களத்துமேட்டைப்போல் ஒரு வெற்று வட்டம் விழும். இங்கிலாந்தின் ஸ்டட்லண்டு விரிகுடாவில் கடற்குதிரைகள் வாழும் புல்வெளியை இவ்வாறு அழியாமல் காக்க, தரையைத் தொடாதபடி நீண்டு சுருங்கும் கயிறு பூட்டிய மிதவைகளை 2021 முதல் அமைத்தார்கள். வேறு சில இடங்களில் நங்கூரக் கட்டையையே, நண்டும் மீனும் ஒதுங்கத்தக்க பொந்துகளோடு வார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தில், வழவழப்பான கடற்சுவர்களின்மேல் பாறை இடுக்குகளைப் போன்ற பள்ளங்கள் கொண்ட பலகைகளை 2018 முதல் பதித்து வருகிறார்கள். நம் பாக் நீரிணையிலும் கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியாவுக்காக 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாட்டு அரசு காப்பகமாக அறிவித்தது. அங்கும் நங்கூரம் எங்கே விழுகிறது என்பது சிறிய கேள்வியன்று.

ஆயினும், எத்தனை நயமாக வார்த்தாலும் தறி மரமாகிவிடாது. அலையாத்திக் காட்டை வெட்டிவிட்டுத் தறி நட்டுக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது. இருக்கும் கரையைக் காப்பது முதற்கடமை. நட்ட தறியைக் குடியிருக்கத் தக்கதாக வைப்பது அடுத்தது.

இனி, அன்று மாலை கண்ட ஒன்றை இதுவரை கூறாமல் வைத்திருந்தோம். அதைக் கூறி முடிக்கிறோம்.

எங்கள் படகின் கயிற்றைத் தறியிலிருந்து அவிழ்க்கும்போது அது எதிலோ சிக்கிக்கொண்டது. தண்டலின் ஆள் கொக்கிக் கழியால் இழுத்தான். தறியை இறுகச் சுற்றிக் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பை கிழிந்து வந்தது. அது மூடியிருந்த இடம் ஒரு சாண் அகலம் இருக்கும். அங்கே சிப்பிகள் எல்லாம் வாய் திறந்து வெறுமையாகக் கிடந்தன. உள்ளே கரிய சேறு நாறியது. அதற்கு நாலு விரல் அப்பால் இருந்தவை உயிரோடு இருந்தன. பை நிறம் மங்கி, கடையின் பெயர் அழிந்திருந்தது. இரண்டு சொற்கள் மட்டும் அழியவில்லை. தமிழ் எழுத்தில், "மீண்டும் வருக" என்று இருந்தது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று தண்டல் கேட்டார். எங்களில் ஒருவர் இந்தியில் பொருள் கூறினார். அவர் சற்று நேரம் பையையே பார்த்தார். பிறகு, "தாராளமாக வாருங்கள். இதை மட்டும் கொண்டுவராதீர்கள்" என்றார்.

அவர் கடிந்து பேசவில்லை. அதனாலேயே எங்களுக்கு நாணமாக இருந்தது. அந்தப் பை நம் வீட்டினதா, வேறு வீட்டினதா என்று யார் அறிவார்? எழுத்து நம்முடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே உல்லாசப் பயணத்தில், உண்ட பொட்டலங்களைப் படகிலிருந்து நாங்களே கடலில் எறிந்தோம், ஒருவரும் தடுக்கவில்லை. அதை மறந்துவிட்டோம் என்று சொல்லவும் முடியவில்லை. திரும்பி வரும் ஒரு மணி நேரமும் படகில் பாட்டுக் கச்சேரி நடக்கவில்லை. இந்தியா வாயிலில் விளக்கேற்றியிருந்தார்கள். அச்சிறுமி அந்தப் பையை மடித்துத் தன் தந்தையின் கைப்பையில் வைத்து, கரையேறியதும் குப்பைத் தொட்டியில் இட்டாள்.

ஆகவே நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த உல்லாசப் பயணத்துக்குச் சாப்பாட்டை எவர்சில்வர் தூக்குகளிலும் சம்புடங்களிலும் கொண்டுவருவோம். நம் தாய்மார்கள் ஊரிலிருந்து ரயிலில் வந்தபோது அப்படித்தான் கொண்டுவந்தார்கள். எஞ்சியதைத் திரும்பக் கொண்டுவர இரண்டு சாக்குப் பைகளை எடுத்துச் செல்லும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். குழந்தைகள் படியோரச் சிப்பிகளைக் கல்லால் உடைக்காமல் பார்த்துக்கொள்வோம். கூடுமானால் நீர் வற்றும் வேளையில் திரும்புமாறு பயணத்தை அமைத்து, அவர்களுக்குத் தறியின் மூன்று படுக்கைகளையும் காட்டுவோம்.

பிழைக்க வந்த இடத்தில் ஒட்டி வாழ நமக்கு ஓர் ஊர் இடம் கொடுத்தது. அவ்வூரின் கடலில் ஒட்டி வாழ்வோர்க்கு நாம் செய்யும் மரியாதை இவ்வளவே.